சொல்லாது மறைக்கும் நோய்

மன்னார்த் தீவின் கரையில் வளரும் பெண்பிள்ளைக்குப் பத்து வயது நிறையுமுன்னே காற்றுகளின் பெயரெல்லாம் தெரிந்துவிடும். வாடை எது, கொண்டல் எது, சோழகம் எது, கச்சான் எது என்று அவள் பிழையறச் சொல்வாள். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ வலை கரையேறும்போது, இது சூடை, இது கும்பளா, இது பாரை, இது சீலா, இது ஓரா என்று கண்டவுடன் வகை பிரிப்பாள். இத்தனை பொருளுக்குப் பெயரறிந்த அப்பிள்ளைக்குத் தன் உடம்பின் ஓருறுப்புக்கு மாத்திரம் பெயர் தெரியாது. அவள் தாய்க்கும் தெரியாது, அம்மம்மாவுக்கும் தெரியாது. "அது", "அவ்விடம்", "கீழே" என்பவற்றுக்கு மேல் வீட்டில் வழக்கில்லை. தெருவில் வசவாக வழங்கும் சொற்கள் உண்டு. அவற்றை வாயில் எடுக்க எந்தப் பெண்ணும் துணியமாட்டாள்.

இதனால் விளைவது யாது? அவ்விடத்தில் எரிவு கண்ட ஒருத்தி வைத்தியரிடம் சென்று "அடிவயிற்று நோவு" என்கிறாள். வயிற்றுக்கு மருந்து கிடைக்கிறது. நோய் இருந்தபடியே இருக்கிறது. மறுமுறை அவள் போவதில்லை.

இப்பேச்சின் பொருளை உணர்ந்து வானொலிப் பெட்டியை மூட எழுகின்ற ஆடவர், இருந்து கேட்பது நல்லது. பேருந்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பவரும், "போய்க் காட்டிவிட்டு வா" என்று சொல்லவோ சொல்லாதிருக்கவோ வல்லவரும் பெரும்பாலும் அவர்களே. மேலும், பின்னர்க் கூறப்படும் நோய்களுள் ஒன்று அவர்களுக்கும் மருந்து கொடுக்காமல் தீராது.

தமிழில் சொல் இல்லையென்று கூறுவதற்கில்லை. யோனி என்பது வடமொழியிலிருந்து வந்து தமிழில் நெடுங்காலம் வழங்கும் சொல்; பிறப்பிடம் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. சங்கப் புலவர் அல்குல் என்ற சொல்லைக் கூச்சமின்றி ஆண்டனர். அது இடையைக் குறித்ததா, இடைக்குக் கீழ்ப்பகுதியைக் குறித்ததா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். வழக்காடுமளவுக்கு அச்சொல் நூல்களிற் பயின்று கிடக்கிறது. மருத்துவத் தமிழுக்கோ இலங்கை மண்ணிலேயே ஒரு மரபுண்டு. அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்தி, தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1857 இல் பிரசவ வைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாக அச்சேறின. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து இளைஞர் பரீட்சைக்குப் படித்து எழுதிய விடயத்தை, இன்று மன்னாரில் ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்ல நாணுகிறாள் என்றால் அது மொழியின் குறையன்று.

எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களில் இதற்கு மற்றுமொரு சான்று உண்டு. மாதவிலக்கு உதிரம் ஹைழ், மகப்பேற்றின் பின் வரும் உதிரம் நிபாஸ், இவ்விரண்டுமல்லாது நோயினால் வருவது இஸ்திஹாளா என்று மார்க்கச் சட்ட நூல்கள் பகுத்துக் கூறுகின்றன. தொழுகையும் நோன்பும் இப்பகுப்பைப் பொறுத்தவை. ஆதலால் நிறத்தையும் நாட்கணக்கையும் பெண்கள் கவனித்தே தீரவேண்டும். நாட்கணக்கு வைத்திருந்து சொல்லும் பெண்ணால் வைத்தியருக்கு எவ்வளவு உதவி என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி அவ்வுறுப்பின் அமைப்பைப் பார்ப்போம். வெளியே தெரிவது ஒன்று. உள்ளே அமைந்தது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே முதற் குழப்பம். வெளிப்புறத்தில் பேரிதழ் இரண்டும், அவற்றுக்குள்ளே சிற்றிதழ் இரண்டும் உண்டு. இவை இரு பக்கமும் ஒத்திருப்பதில்லை. ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், நிறம் கருத்தும் வெளுத்தும் இருப்பது இயற்கை. சிற்றிதழ்கள் மேலே கூடுமிடத்தில் உணர்ச்சி மிக்க சிறு மொட்டு ஒன்று உள்ளது. அதற்குக் கீழே சிறுநீர் வரும் சிறுதுளை. அதற்கும் கீழே யோனித் துவாரம். அதற்கும் பின்னே மலவாயில். ஆக வழிகள் மூன்று. சிறுநீரும் மாதவிலக்கும் ஒரே வழியால் வருவன என்று பிள்ளை பெற்ற தாய்மாரும் நம்பியிருப்பது அரிதன்று.

உள்ளே யோனி என்பது தசையாலான ஒரு குழல். மூன்று முதல் நான்கு அங்குல நீளமுடையது. திறந்த குகைபோல் அன்றி, முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டு, மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கிக் கிடப்பது. அம்மடிப்புகள் விரியத் தக்கவை. குழந்தையின் தலை வெளிவருமளவுக்கு விரிந்து மீண்டும் சுருங்குவதும் அவற்றாலேயே. குழலின் மேல்முனையில் கருப்பையின் கழுத்து, விரல் நுனியளவில் உருண்டு திரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கப்பால் செல்ல வழியில்லை. உள்ளே வைத்த பொருள் வயிற்றுக்குள் ஏறித் தொலைந்துவிடும் என்ற அச்சம் வீண்.

துவாரத்தின் ஓரத்தில் அமைந்த மெல்லிய சவ்வைக் கன்னிச்சவ்வு என்பர். அது ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு விதம். சிலருக்குப் பிறவியிலேயே மிகச் சிறிது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்க முயல்வது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் 2018 இல் அத்தகைய சோதனையை முற்றாக ஒழிக்குமாறு கேட்டுக்கொண்டன. மிகச் சிலருக்கு அச்சவ்வு துவாரமின்றி மூடியே இருக்கும். அப்பிள்ளை வயது வந்தும் சாமத்தியப்படவில்லை என்று வீட்டார் கவலைப்படுவர். மாதந்தோறும் அவள் அடிவயிற்று நோவால் துடிப்பாள். உதிரம் வெளிவர வழியின்றி உள்ளே தேங்குவதே காரணம். சிறியதொரு சத்திரசிகிச்சையால் தீர்வதற்கு வேறெங்கும் பரிகாரம் தேடி மாதங்களைப் போக்க வேண்டியதில்லை.

யோனி தன்னைத் தானே சுத்தஞ் செய்துகொள்ளும் உறுப்பு. இதை அறியாமையாலேயே பாதித் துன்பம் வருகிறது. அல்பேட் டோடலைன் என்ற ஜேர்மன் வைத்தியர் 1892 இல் யோனியின் நீரை ஆராய்ந்து அதில் கோல்வடிவக் கிருமிகள் வாழ்வதை விளக்கினார். இக்கிருமிகள் பகைவரல்லர், காவலர். பாலைத் தயிராக்கும் கிருமிக்கு இவை உறவு. யோனிச் சுவரிலுள்ள மாச்சத்தைத் தின்று இலற்றிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் தழைப்பதில்லை. பயிர் நிற்கும் வயலில் களை குறைவாயிருப்பது போன்றது இது.

இக்காவலரைச் சவர்க்காரத்தாலும் கிருமிநாசினியாலும் உப்பு நீராலும் எலுமிச்சைச் சாற்றாலும் கழுவித் துரத்துபவர் பலர். துப்புரவு என்று எண்ணியே செய்கிறார்கள். செய்யச் செய்ய நோய் கூடுகிறது. கூடக் கூட இன்னும் கழுவுகிறார்கள். வெளிப்புறத்தை வெறுந் தண்ணீரால் கழுவினாற் போதும். உள்ளே எதுவும் செலுத்தலாகாது. பிள்ளை பெற்றவளுக்கு இலைகளை அவித்து வார்க்கும் வேது நீர் உடம்புக்கு இதமாயிருக்கலாம். அதன் ஆவியையோ சூட்டையோ பிரசவக் காயத்தில் படவிட்டால் தோல் வெந்துபோகும். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் வேண்டும். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் மலக்கிருமி சிறுநீர் வழிக்கு வந்துசேரும்.

வெள்ளைபடுதல் என்பதைக் கேட்டதும் பெண்கள் நடுங்குகின்றனர். உடம்பின் சத்து உருகி வழிகிறது, சூட்டினால் எலும்பு கரைகிறது என்றெல்லாம் பேச்சுண்டு. உண்மையில் பருவமடைந்த பெண்ணுக்கு ஓரளவு வெள்ளை படுவது சுகத்தின் அடையாளம். மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட நடுநாட்களில் அது முட்டையின் வெண்கருபோல் தெளிந்து இழுபடும். பின்னர்த் தடித்து வெண்மையாகும். கர்ப்ப காலத்தில் அதிகரிக்கும். பிறந்து சில நாளான பெண்குழந்தைக்கும் சிறிது வெள்ளையோ ஒரு துளி உதிரமோ காண்பதுண்டு. தாயின் உடம்பிலிருந்து பெற்ற சுரப்புகள் குறைவதால் நேரும் அது சில நாளில் தானே நின்றுவிடும். நிறமோ மணமோ மாறினாலும், அரிப்போ எரிவோ சேர்ந்தாலும்தான் அது நோய்.

மீன்பிடி ஊருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. தீய கிருமிகள் பெருகி நற்கிருமிகள் குன்றும்போது சாம்பல் நிறமான நீர்த்த வெள்ளை படும். அதற்கு மீன் வாடை இருக்கும். கணவனோடு கூடியபின் அவ்வாடை மிகும். கருவாட்டு வாடியில் நாள் முழுதும் நிற்பவள், இது தொழிலின் வாடை என்று எண்ணிவிடுகிறாள். அல்லது தன்னை அசுத்தமானவள் என்று நொந்து, சவர்க்காரத்தைத் தேடுகிறாள். குளித்து உடைமாற்றிய பின்னும் அவ்வாடை அங்கே நிற்குமானால் அது மீனின் வாடையன்று. இந்நோய் பெண்களுக்கு மிகப் பொதுவாக வருவது. மெற்றோனிடசோல் என்ற மாத்திரையால் குணமாகும். கர்ப்பிணிக்கு இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கு ஏதுவாகலாம் என்பதால் கட்டாயம் சொல்லுதல் வேண்டும்.

தயிர்க்கட்டிபோல் தடித்த வெள்ளையும் தாங்கொணா அரிப்பும் இருந்து, வாடை இல்லையானால் அது பெரும்பாலும் பூஞ்சணத்தின் வேலை. கர்ப்பிணிக்கும், வேறு நோய்க்குக் கிருமிகொல்லி மருந்துண்டவளுக்கும், நீரிழிவு உள்ளவளுக்கும் இது வரும். இப்பூஞ்சணத்தை அழிக்கும் முதல் நல்ல மருந்துகளில் ஒன்றை 1950 இல் உலகுக்கு அறிவித்தவர்கள் எலிசபெத் ஹேசன், றேச்சல் பிறவுண் என்ற இரு பெண் விஞ்ஞானிகள். தாம் பணிசெய்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரால் அதற்கு நிஸ்ரற்றின் என்று பெயரிட்டனர். இன்று வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் அரிப்புத் தீர்ந்து மீண்டும் மீண்டும் வருமானால் இரத்தத்தில் சீனியைச் சோதிப்பிக்க வேண்டும். நீரிழிவு இருப்பதை இந்த அரிப்பினாலேயே முதன்முதல் அறிந்தவர் உண்டு.

மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வருவது, திறைக்கோமோனஸ் என்ற நுண்ணுயிரால் வருவது. பாரிஸ் நகரத்து அல்பிரட் டொனே என்ற வைத்தியர் 1836 இல் அதைக் கண்டறிந்தார். இது உடலுறவால் பரவும். மனைவிக்கு மாத்திரம் மருந்து கொடுத்துக் கணவனை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் நோய் திரும்பிவிடும். ஆடவருக்குப் பெரும்பாலும் அறிகுறியே தோன்றாது. ஆகையால் "எனக்கு ஒன்றுமில்லை" என்ற மறுப்பு மருத்துவத்தில் செல்லாது. அரச வைத்தியசாலைகளைச் சார்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இந்நோய்க்கும், மேகநோய் முதலியவற்றுக்கும் இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவியும் மேகநோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகள் ஒளிக்காமல் இரத்தம் கொடுத்ததால் வந்த பெருமை அது.

எல்லாவற்றிலும் நெடுங்காலம் மறைக்கப்படும் துன்பம் கருப்பை இறக்கம். கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குவன இடுப்பின் அடித்தசைகள். அடுத்தடுத்த பிரசவங்களாலும், பேற்றின்போது நெடுநேரம் முக்குவதாலும், பின்னர்ப் பாரந் தூக்குவதாலும், ஓயாத இருமலாலும், மலச்சிக்கலாலும் அத்தசைகள் தளர்கின்றன. முதலில் கீழே ஏதோ கனப்பது போலிருக்கும். இருமினால் சிறுநீர் கசியும். பின்னர் மாலை வேளைகளில் ஓர் உருண்டை வாயிலுக்கு வந்து நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடும். துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு பத்து ஆண்டும் இருபது ஆண்டும் சமையலும் வயல்வேலையும் செய்பவர் உளர்.

இக்கரையில் அதற்குக் காரணங்கள் மலிவாகவே கிடந்தன. தீவின் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு தொலைவு நடப்பது பெண்ணின் கடமை. பேறாகி நாற்பது நாள் கழியுமுன்னரே இடுப்பில் குடமேறும். மீன் பெட்டியும் விறகுக் கட்டும் தலையில் ஏறும். 1990 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தீவின் முஸ்லிம்கள் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டபோதும், மற்றையோர் மடுக் கோவிலிலும் கடல் கடந்து மண்டபம் முகாமிலும் அடைக்கலம் புகுந்தபோதும், நிறைமாதத்தோடு ஓடியவரும் பச்சை உடம்போடு வள்ளம் ஏறியவரும் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஓய்வு ஏது, பராமரிப்பு ஏது? அன்று பிள்ளை பெற்றவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டியிருக்கிறார்கள். தளர்ந்த தசை தன்னைக் காட்டிக்கொள்ளும் வயது அதுவே. அவர்களுள் பலர் இதைத் தம் தலைவிதி என்று கொண்டு, மகளுக்கும் சொல்லாமல் வைத்திருக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. தொடக்க நிலையில் தசைப்பயிற்சியே போதும். ஆர்னோல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் 1948 இல் விளக்கிய பயிற்சி அது. சிறுநீரை அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவோமோ அதே தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்த வேண்டும். இவ்வாறு ஒரு வேளைக்குப் பத்து முறையாக நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யலாம். கடகம் இழைத்துக்கொண்டும் செய்யலாம். அருகில் இருப்பவருக்குத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் ஆகாது. சில மாதமாவது விடாது செய்தால்தான் பயன் தெரியும். இறக்கம் மிகுந்தால் தாங்கி நிறுத்தும் வளையம் ஒன்றை வைத்தியர் பொருத்துவார். குறித்த காலத்தில் அதை எடுத்துச் சுத்தஞ்செய்து மீள வைக்கவேண்டும். அதற்கும் அடங்காதவற்றுக்குச் சத்திரசிகிச்சை உண்டு. வயதான பெண்களுக்கும் அது செய்யப்படுகிறது.

மாதவிலக்கு நின்றபின் யோனியின் சுவர் மெலிந்து வறளும். எரிவும், கூடும்போது நோவும் ஏற்படும். இதற்குப் பூசுமருந்து உண்டு. ஆனால் விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே காட்டவேண்டும். "மறுபடி இளமை திரும்பியது" என்று சிரித்துக்கொண்டு இருக்கும் பாட்டிமார் உண்டு. சிரிக்கத் தக்கதன்று அது. கணவனோடு கூடியபின் உதிரம் கசிவதும் அத்தகையதே. கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

இப்புற்றுநோய் திடீரென வருவதன்று. பப்பிலோமா என்ற வைரசு தொற்றி, உடம்பு அதை வெல்ல இயலாதுபோனால், பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றே புற்றாகிறது. இத்தொடர்பைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவு நீண்ட இடைக்காலத்தில் நோயைப் பிடித்துவிட வழிகண்டவர், கிரேக்க நாட்டிற் பிறந்து நியூயோர்க்கில் பணிசெய்த பப்பானிக்கொலோ. கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் முறை அவருடையது. பாப் சோதனை என்று அவர் பெயரின் முதற்பகுதியால் வழங்குகிறது. அச்சோதனைக்கு ஆண்டுக்கணக்காக அணு கொடுத்து உதவியவர் அவர் மனைவியே என்பதையும் சொல்லவேண்டும்.

இலங்கையில் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996 முதல் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதடைந்த பெண்கள் அங்கே பாப் சோதனையும், மார்பகம், இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றின் சோதனையும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2017 முதல் பாடசாலையில் ஆறாந்தரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. அச்சிறுமியருக்கு எதற்கு இந்த ஊசி என்று தயங்கும் தாய்மார் அறியவேண்டியது ஒன்று: வைரசு தொற்றுமுன் போட்டால்தான் ஊசி முழுப் பயன் தரும். ஊசி போட்டவளும் உரிய வயதில் பாப் சோதனை செய்வித்தல் வேண்டும்.

விலக்குத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி பாவிப்பதில் குற்றமில்லை, ஈரத்துணியில்தான் குற்றம். பிறர் கண்ணுக்குப் படலாகாது என்று கூரை இடுக்கிலும் பெட்டிக்குப் பின்னும் போட்டு, அரைகுறையாய் உலர்ந்ததை எடுத்துடுத்தினால் பூஞ்சணமும் உடன் வரும். கருவாட்டை இரண்டு மூன்று நாளில் கல்லாக்கும் வெயில் மன்னாரில் இருக்கிறது. அதே வெயிலில், மேலே மெல்லிய சீலையொன்றை மூடியாவது, துணியைக் காயவிடலாம். கடையில் வாங்கும் துவாயானாலும் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கொருமுறை மாற்றவேண்டும்.

சோதனைக்குப் போக அஞ்சுபவர் பலர், என்ன நேரும் என்று அறியாமையாலேயே அஞ்சுகின்றனர். மன்னார் நகரம், நானாட்டான், மடு, மாந்தை மேற்கு, முசலி என எப்பிரிவில் இருப்பவரானாலும், வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவைக் கேட்டால் நிலையம் கூடும் நாளைச் சொல்வார். விலக்கு நாட்களில் போகவேண்டாம். முதல் நாள் கழுவுதலும் பூசுதலும் வேண்டாம். அங்கே திரைக்குப் பின்னே படுக்கவைத்து, இடைக்கு மேல் துணி போர்த்துவார்கள். தாராவின் அலகுபோன்ற ஒரு கருவியை மெல்ல உட்செலுத்தி விரிப்பார்கள்; உடம்பைத் தளரவிட்டு வாயால் மூச்சுவிட்டால் நோவு இராது, சற்றே இறுக்கந்தான் தெரியும். சிறு கோலால் ஒருமுறை வழித்தெடுப்பார்கள். அவ்வளவே, ஐந்து நிமிடத்துக்குள் முடியும். பெண் வைத்தியரோ தாதியோ வேண்டுமென்று முன்கூட்டிக் கேட்பதில் தவறில்லை. முடிவு வர நாளாகும். வந்ததும் மருத்துவமாது அறிவிப்பார். மீண்டும் வரச்சொல்லி அழைத்தால், அது புற்றுநோய் என்று பொருளன்று. பெரும்பாலும் மறுமுறை பார்க்கவேண்டிய சிறு மாற்றம் ஒன்றிருக்கும், அன்றேல் எடுத்த அணு போதாதிருந்திருக்கும். அழைத்த நாளில் போகவேண்டும்.